பாதரட்சையும் பதவியும்: பிரேஸில் மக்களின் நடையுடை பாவனைகள்

ஒரு தேசத்தாரின் நடையுடை பாவனைகளைப் பற்றி எழுதப் புகுவோர் பெரும்பாலும் அத்தேசத்தின் திருவிழாக்களைப் பார்த்துவிட்டு எழுதுகிறார்கள். பிரேஸிலைப் பொறுத்தவரையில் இந்தத் தவறு மற்றெந்த நாட்டைக் காட்டிலும் அதிகமாகவே நிகழ்ந்திருக்கிறது. ரியோ டி ஜெனிரோவின் கார்னிவல் ஊர்வலத்தையும் கோப்பகபானாக் கடற்கரையையும் படங்களில் கண்டவர்கள், ஆடைக்கும் ஆசாரத்துக்கும் அங்கே யாதொரு கட்டுப்பாடும் இல்லையென்றும், கட்டியணைப்பதும் கன்னத்தில் முத்தமிடுவதும் பெயர் சொல்லி அழைப்பதுமாக எல்லாரும் எல்லாரோடும் சமமாய்க் கலந்து வாழ்கிறார்களென்றும் முடிவு செய்துகொள்கிறார்கள். பிரேஸிலியர் பலரும் தங்களைப் பற்றி இவ்விதமே நினைத்துக்கொள்கிறார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆயினும் சற்று நின்று கவனிப்போருக்கு, அவர்களுடைய சகஜபாவமே ஒரு கண்டிப்பான சம்பிரதாயம் என்பதும், பேச்சில் மறைந்துபோன உயர்வுதாழ்வுகள் உடையிலும், எல்லாவற்றுக்கும் மேலாகக் காலில் அணியும் பொருளிலும், வெகுகாலம் குடிகொண்டிருந்தன என்பதும் விளங்காமற் போகா.

2022-ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி இருபது கோடியே முப்பது லட்சம் ஜனங்கள் வாழும் அந்நாட்டை ஒரே மூச்சில் வருணிப்பது அசாத்தியம். வடக்கே அமேஸான் நதிப் படகில் ஊஞ்சல் போன்ற வலைத்தொட்டிலைக் கட்டிக்கொண்டு உறங்குகிறவனும், தெற்கே கம்பளிப் போர்வையுடன் குதிரைமேற் செல்கிறவனும் ஒரே குடியரசின் பிரஜைகளாயினும் அவர்களுடைய வழக்கங்கள் ஒன்றல்ல. ஆகவே இக்கட்டுரை பெரும்பாலும் ரியோ, ஸாவோ பாலோ, பாஹியா ஆகிய பிரதேசங்களைத் தழுவியே செல்லும்; மற்றவற்றை அவசியமான இடத்தில் மட்டும் தொட்டுச் செல்லும்.

இந்தச் சகஜபாவத்தைச் சாஸ்திரீயமாக ஆராய்ந்தவர்களுள் தலையானவர் ஸாவோ பாலோவில் பிறந்த சரித்திராசிரியர் ஸெர்ஜியோ புவார்க்கி டி ஹொலாண்டா. 1936-இல் அவர் வெளியிட்ட 'பிரேஸிலின் வேர்கள்' என்னும் நூலில், பிரேஸிலியனை இதயத்தின் ஏவலால் நடக்கும் மனிதனாக வருணிக்கும் ஓர் அத்தியாயம் உண்டு. அதைப் படித்தவர்களிற் பலர் தங்கள் நாட்டாரின் அன்புள்ளத்துக்கு வழங்கப்பட்ட நற்சாட்சிப் பத்திரமாகவே அதைக் கொண்டாடினார்கள். ஆசிரியருடைய கருத்தோ வேறு. மரியாதை என்பது மனிதன் தன் அந்தரங்கத்தைப் பிறர் பார்வையிலிருந்து காத்துக்கொள்வதற்காக அணியும் கவசமென்றும், அக்கவசத்தைப் பூண்டு நடக்கப் பிரேஸிலியனுக்குப் பொறுமையில்லையென்றும், வியாபாரமாயினும் அரசாங்கமாயினும் தெய்வமேயாயினும் எதையும் சொந்த உறவாக மாற்றிக்கொண்டாலொழிய அவனுக்கு மனம் ஆறுவதில்லையென்றும், அன்பைப் போலவே பகையும் அந்த இதயத்திலிருந்தே புறப்படுகிறதென்றும் அவர் எழுதினார். புனிதர்களின் பெயர்களைக்கூடச் செல்லப் பெயராய்க் குறுக்கி, வீட்டுக் குழந்தையை அழைப்பதுபோல் அழைக்கும் பக்தியையும், வாடிக்கைக்காரனைச் சிநேகிதனாக்கிக்கொள்ளாமல் அவனிடம் சரக்கு விற்க முடியாதென்று கண்டு வியந்த பிலடெல்பியா வியாபாரியையும் அவர் உதாரணங்களாகக் காட்டுகிறார்.

முதலில் சந்திப்பு வந்தனத்தை எடுத்துக்கொள்வோம். ஆணும் பெண்ணுமோ, பெண்கள் இருவரோ சந்திக்கும்போது கன்னத்தோடு கன்னம் ஒற்றி, உதட்டினால் ஓசை மட்டும் எழுப்புவது வழக்கம். உதடு கன்னத்திற் பதிவதில்லை. எத்தனை முறை இதைச் செய்வது என்பது ஊருக்கு ஊர் வேறுபடும். ஸாவோ பாலோவில் ஒரு முறை, ரியோவில் இரண்டு, மணமாகாத பெண்ணிடம் 'கல்யாணம் கூடிவர வேண்டுமே' என்று வேடிக்கை பேசி மூன்றாவதையும் சேர்த்துக்கொள்ளும் ஊர்களும் உண்டு. ரியோக்காரர் இரண்டாம் முறைக்காக முகத்தைத் திருப்ப, ஸாவோ பாலோக்காரர் அதற்குள் விலகி நிற்க, இருவருக்கும் நேரும் சிறு தர்மசங்கடம் அந்நாட்டு நகைச்சுவையில் ஒரு நிரந்தர விஷயம். ஆடவர் இருவர் கைகுலுக்குவர். பழக்கம் முற்றியவர்களானால் ஒரு கையாற் குலுக்கி மறு கையால் முதுகைத் தட்டித் தழுவிக்கொள்வர். இவையெல்லாம் மனம்போனபடி நடப்பவையாகத் தோன்றினாலும், ஒரு விருந்துக்கு வந்தவர் அங்கிருக்கும் ஒவ்வொருவரையும் தனித்தனியே இவ்வாறு வந்தனம் செய்யவேண்டும், விடைபெறும்போதும் அதே சடங்கை ஆதியோடந்தமாய் மறுபடி நடத்தவேண்டும் என்பது விதி. கூட்டத்தை நோக்கிப் பொதுவாகக் கையசைத்துவிட்டுப் போகிறவரைக் கர்வி என்று சொல்லாவிட்டாலும் அப்படி நினைத்துக்கொள்வார்கள்.

இவ்வளவு நெருங்கிப் பழகும் சமுதாயத்தில் தேக சுத்தம் ஓர் ஆசாரமாகவே அமைந்துவிட்டதில் வியப்பில்லை. நாளொன்றுக்கு இருமுறை, கோடையில் மும்முறை நீராடுவது ஏழைக்கும் பணக்காரனுக்கும் பொது. போர்த்துகீஸியர் வந்திறங்கிய 1500-ஆம் ஆண்டில், மாதக்கணக்கில் குளியாத கப்பற்காரர்களுக்கும், நாளும் பலமுறை ஆற்றில் மூழ்கியெழுந்த ஆதிக்குடிகளுக்கும் இடையே நிகழ்ந்த சந்திப்பில், இந்த ஒரு விஷயத்திலாவது தோற்றவன் ஐரோப்பியன்தான். அந்தப் பழக்கம் ஆதிக்குடிப் பெண்களிடமிருந்தே குடியேறிகளுக்கு வந்ததென்று, 1933-இல் வெளிவந்த தம் பெருநூலில் சமூக சாஸ்திர அறிஞர் ஜில்பெர்த்தோ ஃப்ரெய்ரே நிலைநாட்டினார். மதிய போஜனத்துக்குப் பிறகு ஆபீஸின் கைகழுவுமிடத்தில் குமாஸ்தாவும் மானேஜரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று பல் துலக்கும் காட்சியை அயல்நாட்டார் கண்டு திகைப்பதுண்டு. வியர்வை நாற்றத்தோடு பிறரைத் தழுவுவது அங்கே மன்னிக்கப்படும் குற்றமன்று.

இனி, அழைக்கும் முறை. பிரேஸிலில் மனிதர்களைக் குடும்பப் பெயரால் அழைப்பது அரிது. நாட்டை ஆண்டவர்களையே ஜெத்தூலியோ என்றும், ஜுஸெலீனோ என்றும், டில்மா என்றும் முதற்பெயரால் குறிப்பிடுவர். தொழிற்சங்கத் தலைவராயிருந்த ஒருவர் தம் செல்லப் பெயரான லூலா என்பதைச் சட்டபூர்வமாகவே தம் பெயருடன் சேர்த்துக்கொண்டு பின்னாளில் ஜனாதிபதியானார். எட்ஸன் அராந்தெஸ் டோ நாஸிமெந்தோ என்ற முழுப் பெயரைச் சொன்னால் உலகம் விழிக்கும். பெலே என்றால்தான் தெரியும். வயதிலோ மதிப்பிலோ உயர்ந்தவருக்கு முன்னிலையில் 'ஸென்யோர்', 'ஸென்யோரா' என்ற மரியாதைச் சொற்களும், பெயருக்கு முன் ஆணுக்கு 'ஸேவு', பெண்ணுக்கு 'டோனா' என்ற அடைமொழிகளும் உண்டு. குடியிருப்பின் வாயிற்காவலர் 'ஸேவு ஜோஸே'. மேல்மாடியில் வசிக்கும் வயோதிக அம்மையார் 'டோனா மரியா'. குழந்தைகள், தாய் தந்தையரின் சிநேகிதர்களையும் பள்ளி ஆசிரியையையும் மாமா, அத்தை முறை வைத்தே அழைப்பர். கல்வியாளர் பாவ்லோ ஃப்ரெய்ரே, ஆசிரியையை அத்தையென்று அழைப்பதில் அவளுடைய தொழிலின் கௌரவமும் ஊதியமும் உரிமையும் எவ்வாறு கரைந்துபோகின்றன என்பதை விளக்கி 1993-இல் ஒரு தனிப் புத்தகமே எழுதினார். உறவு கொண்டாடுவதில் மறைந்திருக்கும் சுரண்டலை அவ்வளவு தெளிவாக எடுத்துக்காட்டியவர் வேறில்லை என்பது என் எண்ணம்.

வடகிழக்குப் பிரதேசத்தில் இன்னும் ஓர் அழகிய வழக்கம் நீடிக்கிறது. மகனோ மகளோ வீட்டுக்குள் நுழைந்தவுடன் பெற்றோரிடத்தும், பாட்டனார் பாட்டியாரிடத்தும், ஞானஸ்நானத் தந்தை தாயரிடத்தும் ஆசீர்வாதம் கேட்க, அவர்கள் 'தெய்வம் உன்னை ஆசீர்வதிக்கட்டும்' என்று மறுமொழி கூறுவர். பழைய குடும்பங்களில் கையையும் முத்தமிடுவதுண்டு. நாற்பது வயதான மனிதர் தொலைபேசியில் தாயாரோடு பேசத் தொடங்கும் முன் இதைக் கேட்டுவிட்டே பிற விஷயத்துக்கு வருவார். கை முத்தமிடும் சடங்கு ஒரு காலத்தில் அரசவைச் சடங்காகவும் இருந்தது. நெப்போலியனுக்கு அஞ்சி 1808-இல் லிஸ்பனிலிருந்து ரியோவுக்கு அரசவையோடு ஓடிவந்த போர்த்துகல் இளவரசர் ஜோவாவ், பிரபு முதல் பாமரன் வரை எல்லாருக்கும் தம் கையை முத்தமிட இடங்கொடுத்து வந்தார். அவருடைய பேரனான சக்கரவர்த்தி இரண்டாம் பேத்ரு காலத்தில் அச்சடங்கு அரண்மனையிலிருந்து மறைந்தது, குடிசைகளிலிருந்து மறையவில்லை.

ஆனால் இந்தச் செல்லப் பெயர்களின் நடுவே 'டோட்டோர்' என்ற பட்டம் ஒன்று நிமிர்ந்து நிற்கிறது. வைத்தியருக்கும் வக்கீலுக்கும் மட்டுமின்றி, நல்ல காரில் வந்து இறங்குகிறவர் எவருக்கும் காரைக் காவல் காக்கும் ஏழை வழங்கும் பட்டம் அது. ரியோவை அடுத்த நிதெரோய் நகரில், தம்மை அவ்வாறு அழைக்க மறுத்த குடியிருப்புக் காவலர் விஷயமாக ஒரு நீதிபதியே வழக்குத் தொடுத்தார். மரியாதைச் சொல்லைச் சட்டத்தால் திணிக்க இயலாதென்று 2005-இல் அவ்வழக்குத் தள்ளுபடியாயிற்று. பெயர் சொல்லி அழைக்கும் உரிமை கீழிருந்து மேல்நோக்கிச் செல்லும்போது எங்கே தடைபடுகிறது என்பதை ஆராய விரும்புவோர் அந்தத் தீர்ப்பிலிருந்து தொடங்கலாம்.

விருந்தோம்பலில் காப்பிக்கே முதலிடம். ஆபீஸானாலும் வீடானாலும், வந்தவருக்குச் சிறு கோப்பையில் சர்க்கரை தூக்கலாக இட்ட கடுங்காப்பி வராமல் காரியப் பேச்சுத் தொடங்காது. வேண்டாமென்பவர் அதற்கு ஒரு காரணம் சொல்லியாக வேண்டும். 'ஒருநாள் வீட்டுப் பக்கம் வாருங்கள்' என்று விடைபெறும்போது சொல்வது அன்பின் வெளிப்பாடேயன்றி அழைப்பன்று. நாளும் மணியும் குறித்தாலே அழைப்பு. அப்படிக் குறித்த மணிக்குச் சரியாகப் போய் நிற்பதும் அபசாரமே. வீட்டம்மையார் அப்போதுதான் நீராடப் போயிருப்பார். உத்தியோகக் கூட்டத்துக்கும் டாக்டரைப் பார்க்கவும் காலந்தவறாமை வேண்டுமென்று எதிர்பார்க்கும் அதே ஜனங்கள், இரவு விருந்துக்கு அரைமணி நேரமாவது தாமதித்து வருவதை இங்கிதமென்று கருதுகிறார்கள். ஒருவர் உண்டுகொண்டிருக்கும்போது மற்றொருவர் வந்தால், தட்டைக் காட்டி 'எடுத்துக்கொள்கிறீர்களா' என்று கேட்பது கடமை. 'நன்றி, நன்றாய்ச் சாப்பிடுங்கள்' என்று மறுப்பது அவருடைய கடமை. உண்மையாகவே எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதை யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. பிறந்தநாள் விழாவில் விழாக்காரர் கேக்கின் முதல் துண்டை வெட்டித் தமக்கு மிகவும் வேண்டியவருக்குக் கொடுக்கவேண்டும் என்றொரு வழக்கமுண்டு. மாமியாருக்கும் மனைவிக்கும் நடுவில் தட்டை ஏந்திக்கொண்டு நிற்கும் மனிதருடைய நிலையை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

கையினால் உண்டு பழகிய நமக்கு வியப்பளிக்கக்கூடிய செய்தி ஒன்று. உடலைத் தீண்டுவதில் அவ்வளவு தாராளமாயிருக்கும் அம்மக்கள், உணவைக் கையால் தீண்டுவதில் மிகுந்த கூச்சமுடையவர்கள். பீட்ஸாவையும் கத்தியும் முள்ளுங்கொண்டே உண்பர். தெருவோரத்தில் வாங்கும் பொரித்த பண்டத்தையும் காகிதக் கைக்குட்டையாற் பற்றியே வாயருகிற் கொண்டுசெல்வர். பல் குச்சியைப் பயன்படுத்துவோர் மறு கையால் வாயை மறைத்துக்கொள்வர். தீண்டாமையும் தீண்டலும் எங்கே எல்லை வகுத்துக்கொள்கின்றன என்பது ஒவ்வொரு நாட்டுக்கும் ஒவ்வொரு விதம்.

ஆடையின் சரித்திரத்துக்கு வருவோமாயின், இன்றைய பிரேஸிலியரின் எளிய உடை வெகு சமீப காலத்தது என்பது புலனாகும். 1816-இல் ரியோவுக்கு வந்து பதினைந்து ஆண்டுகள் தங்கிய ஜான் பாப்டிஸ்ட் தெப்ரே என்ற பிரெஞ்சுச் சித்திரக்காரர், ஓர் அரசாங்க உத்தியோகஸ்தர் தம் குடும்பத்தோடு வெளியே உலாவச் செல்லும் காட்சியைத் தீட்டியிருக்கிறார். முன்னே கைத்தடியும் தொப்பியுமாகக் குடும்பத் தலைவர். அவருக்குப் பின் வயது வரிசைப்படி குழந்தைகள். அவர்களுக்குப் பின் கருவுற்ற மனைவி. அவளுக்குப் பின் பணிப்பெண்ணும் செவிலியும் பிற அடிமைகளும். எறும்புச் சாரைபோல் ஒருவர் பின் ஒருவராய்ச் செல்லும் அந்த வரிசையில், தலைவரின் மெருகிட்ட காலணியிலிருந்து கடைசி அடிமையின் வெறுங்கால் வரை கண்ணை ஓட்டினால், அச்சமுதாயத்தின் படிக்கட்டு முழுவதும் தரையோடு தரையாக எழுதப்பட்டிருப்பது தெரியும். அதே குடும்பத்தார் வீட்டுக்குள் தளர்ந்த பருத்தி அங்கியோடும் ஏறக்குறைய அரையாடையோடும் பாயில் அமர்ந்திருந்ததையும் அக்காலத்துப் பிரயாணிகள் எழுதிவைத்திருக்கிறார்கள். வீட்டுக்கு ஓர் உடை, வீதிக்கு ஓர் உடை என்ற இந்தப் பிரிவினை பிரேஸிலியரின் வாழ்க்கை முழுவதையும் ஊடுருவி நிற்பது.

அடிமைகள் காலணி அணிவதில்லை, அணியவும் இடமில்லை. விடுதலைச் சீட்டுப் பெற்றவன் கையிற் காசு சேர்ந்ததும் முதலில் வாங்கியது ஒரு ஜோடி பூட்ஸ். வெறுந்தரையில் நடந்து காய்த்துப்போன பாதம் அதற்குள் நுழைய மறுத்தால் அதைக் கையிலோ தோளிலோ தூக்கிக்கொண்டாவது வீதியில் நடந்தான் என்று சரித்திராசிரியர்கள் எழுதுகிறார்கள். 1888-ஆம் ஆண்டு மே 13-ஆம் தேதி இஸபெல் இளவரசி கையெழுத்திட்ட சட்டத்தால் அடிமைத்தனம் ஒழிந்தது. மேற்கு அரைக்கோளத்தில் அதை ஒழித்த கடைசி தேசம் பிரேஸிலே. வெறுங்காலுக்கும் அவமானத்துக்கும் ஏற்பட்டிருந்த சம்பந்தமோ அந்தச் சட்டத்தோடு அறுந்துபோய்விடவில்லை.

துணியின் கதையில் நமக்கும் ஒரு சிறு பங்குண்டு. சோழமண்டலக் கரையிலும் கூர்ஜரத்திலும் தீட்டியும் அச்சிட்டும் செய்யப்பட்ட பூப்போட்ட பருத்தித் துணிகள் போர்த்துகீஸியக் கப்பல்களில் ஏறி லிஸ்பனுக்கும் பாஹியாவுக்கும் சென்றன. நாம் சீட்டியென்று வழங்கும் அத்துணி அங்கே 'ஷீட்டா' என்ற பெயருடன் வேரூன்றி, கண்ணைப் பறிக்கும் பெரிய பெரிய மலர்களோடு ஏழைகளின் உடையாயிற்று. 1785-இல் போர்த்துகல் அரசி முதலாம் மரியா, பிரேஸிலில் எந்த நெசவாலையும் நடக்கலாகாதென்று தடை விதித்தபோது, அடிமைகள் உடுத்தவும் மூட்டை கட்டவும் உதவும் முரட்டுப் பருத்தித் துணிக்கு மாத்திரம் விலக்களித்தாள். ஜூன் மாதத்தில் புனித யோவான் திருநாளையொட்டிக் கிராமிய வேஷம் பூண்டு ஆடும் பெண்கள் இன்றும் அந்த ஷீட்டாப் பாவாடையைத்தான் அணிகிறார்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கறுப்புக் கம்பளிக் கோட்டு, அந்த உஷ்ண தேசத்தின் கனவான்களை இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை வாட்டிக்கொண்டிருந்தது. அதற்கு எதிராக எழுந்த கலகங்களுள் இரண்டு நினைவுகூரத்தக்கவை. முதலாவது, ஸாவோ பாலோவின் சிற்பியும் ஓவியருமான ஃப்ளாவியோ டி கார்வால்யோ 1956-ஆம் ஆண்டு அக்டோபர் 18-ஆம் தேதி, உஷ்ண தேசத்து ஆடவனுக்குத் தாமே வகுத்த உடையில், அதாவது மடிப்புப் பாவாடையும் குட்டைக் கைச் சட்டையும் வலைக் காலுறையும் செருப்புமாக, அந்நகரின் மையத் தெருக்களில் நடந்தது. கூட்டம் கூடிப் பரிகசித்தது, அவர் அசையவில்லை. காற்றோட்டத்தைக் கணக்கிட்டு அவர் தைத்த அந்த உடை தேகாரோக்கியத்துக்கு உகந்ததே என்பதில் ஐயமில்லை. வேஷ்டி கட்டியறிந்தவர்கள் அதை உடனே ஒப்புக்கொள்வார்கள். இரண்டாவது, 1961-இல் ஜனாதிபதியான ஜானியோ க்வாட்ரோஸ் கோட்டும் டையுமின்றி ஸஃபாரி உடையைச் சர்க்கார் உத்தியோகஸ்தர்களிடையே பரப்ப முயன்றது. ஜனங்கள் அதற்குப் பைஜாமாவையும் அவர் பெயரையும் பிணைத்து ஒரு பரிகாசப் பெயர் சூட்டினார்கள். அதே மனிதர் அழகுப் போட்டிகளில் குறைந்த உடையணிவதற்குத் தடையும் விதித்தார். ஏழு மாதத்துக்குள் அவர் பதவியைத் துறந்துவிட்டபடியால் எந்தச் சீர்திருத்தமும் நிலைக்கவில்லை.

ஜனாதிபதி சாதிக்காததை ஒரு ரப்பர்ச் செருப்புச் சாதித்தது. 1908 முதல் ஸாந்தோஸ் துறைமுகத்தில் வந்திறங்கிக் காப்பித் தோட்டங்களிற் குடியேறிய ஜப்பானியரின் வைக்கோற் செருப்பை முன்மாதிரியாகக் கொண்டு, 1962-இல் ஹவாயானாஸ் என்ற பெயரோடு இரட்டை வார் ரப்பர்ச் செருப்பு ஸாவோ பாலோவில் உற்பத்தியாயிற்று. அடிப்பாகத்தின் மேற்புறத்தில் அரிசிமணி போன்ற பொறிப்பு அந்தப் பூர்வோத்தரத்தை இன்றும் காட்டுகிறது. கொத்தனாரும் வீட்டு வேலைக்காரியும் அணியும் மலிவுப் பண்டமாயிருந்து, 1994-க்குப் பின் பல நிறங்களில் புதுக்கோலம் பூண்டு பணக்காரர் காலிலும் ஏறியது. ஆயினும் ஒரு பேதத்தைக் கவனிக்கவேண்டும். செல்வர் செருப்பணிந்து அங்காடிக்குச் சென்றால் அது எளிமை. ஏழை அதே செருப்போடு வங்கிக்குச் சென்றால் அது ஏழ்மை. பெண்கள் வாரந்தோறும் நகந்திருத்தும் கடைக்குச் சென்று கால் நகங்களையும் செப்பனிட்டு வர்ணம் பூசிக்கொள்வதன் காரணமும் இதுவே. செருப்பு எல்லார்க்கும் பொதுவாகிவிட்டமையால், பாதத்தின் பராமரிப்பே இன்று ஸ்தானத்தைக் காட்டும் அடையாளமாயிருக்கிறது.

கடற்கரை உடையைப் பற்றி எழுதாவிட்டால் வாசகர் மன்னிக்கமாட்டார். ரியோவின் கடற்கரையில் பெண்களுடைய நீச்சலுடை மிகச் சிறியதென்பது உண்மை. ஆடவர் அரைக்கால் சட்டையைக் களைந்து இறுக்கமான குட்டை உடையணிவர். துவாலை கொண்டுபோகிறவர் அந்நியர்; உள்ளூர்ப் பெண்கள் 'காங்கா' என்ற மெல்லிய அச்சுத் துணியை விரித்து அமர்வர், எழும்போது அதையே இடுப்பிற் சுற்றிக்கொள்வர். கடலில் இறங்குமுன் முன்பின் அறியாத பக்கத்திலுள்ளவரிடம் 'சற்றுப் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று உடைமைகளை ஒப்படைப்பதும், அவர் அப்பொறுப்பைத் தட்டாமல் ஏற்பதும் கடற்கரை தர்மம். இவ்வளவுக்கும் நடுவில், பெண்கள் மேலாடையை முற்றும் களைவது வழக்கமுமன்று, சகிக்கப்படுவதுமன்று. 1940-ஆம் வருஷத்துத் தண்டனைச் சட்டத்தின் ஆபாசச் செயல் பற்றிய விதி அதற்கெதிராகப் பிரயோகிக்கப்பட்டிருக்கிறது. ஐரோப்பியப் பெண்மணி சாதாரணமாய்ச் செய்வதைப் பிரேஸிலியப் பெண்மணி கண்டு முகஞ்சுளிப்பாள். 1971-இல் கர்ப்பிணியாயிருந்த நடிகை லேய்லா டினீஸ் இரு துண்டு நீச்சலுடையில் கடற்கரையில் நின்ற புகைப்படம் தேசத்தையே கலக்கிற்று. தாய்மையை மறைத்துவைப்பதே அடக்கமென்று கருதப்பட்ட காலம் அது. அடுத்த ஆண்டு ஜூனில் டில்லிக்கருகே நேர்ந்த ஜப்பானிய விமான விபத்தில் அவர் மாண்டார், வயது இருபத்தேழு.

பிரதேச உடைகளில் மூன்றைச் சொல்லலாம். பாஹியாவின் ஸால்வடார் நகரத் தெருமுனைகளில், காராமணி மாவைப் பனையெண்ணெயிற் பொரித்து விற்கும் கறுப்பினப் பெண்கள் அணியும் அகன்ற வெண்சரிகைப் பாவாடையும் தலைப்பாகையும் மணிமாலைகளும், ஆப்பிரிக்க தெய்வ வழிபாட்டோடு தொடர்புடையவை. அவர்களுடைய தொழிலை அரசாங்கம் 2005-இல் தேசியப் பாரம்பரியமாகப் பதிவு செய்தது. ஒஷாலா என்ற தெய்வத்தை முன்னிட்டு வெள்ளிக்கிழமைகளில் வெள்ளையுடுத்தும் அந்நகரத்தாரின் பழக்கமும், புத்தாண்டிரவில் வெள்ளை அணிந்து கடலன்னை யேமான்ஜாவுக்கு மலர் விடுத்து ஏழு அலைகளைத் தாண்டும் ரியோக்காரரின் பழக்கமும் அடிமைகள் கொண்டுவந்த சமயத்திலிருந்தே பிறந்தவை. கத்தோலிக்கர்களும் நாஸ்திகர்களும் அன்றிரவு ஒன்றுபோல் வெள்ளையில் நிற்பார்கள். இரண்டாவது, வடகிழக்கின் முட்காடுகளில் மாடு மேய்ப்போர் தலை முதல் கால் வரை பூணும் தோலுடை. அது அலங்காரமன்று, முட்களிடமிருந்து உயிரைக் காப்பது. மூன்றாவது, தெற்கே ரியோ கிராண்டி டோ ஸுல் மாநிலத்துக் குதிரைவீரரின் தொளதொளத்த கால்சட்டையும் கழுத்துத் துணியும் பூட்ஸும். 1989-இல் இயற்றப்பட்ட மாநிலச் சட்டம் அதை அரசாங்க வைபவங்களுக்கு ஏற்ற கௌரவ உடையாக்கியது.

அத்தெற்கத்தியாரின் ஷிமாராவ் பானச் சடங்கை ஒதுக்கிவிட மனமில்லை. சுரைக்குடுக்கையில் மாத்தே இலைத் தூளை நிரப்பி வெந்நீர் வார்த்து, உலோகக் குழலால் உறிஞ்சும் அந்தக் கசப்புப் பானம் ஒரே குடுக்கையில் கூட்டத்தார் அனைவருக்கும் சுற்றி வரும். கசப்பு மிகுந்த முதல் வார்ப்பைத் தயாரித்தவரே பருகவேண்டும். குழலை அசைக்கலாகாது. நீர் வற்றிக் குழல் ஓசையிடும் வரை உறிஞ்சியே திருப்பிக் கொடுக்கவேண்டும். 'நன்றி' என்று சொன்னால் 'இனி எனக்கு வேண்டாம்' என்று பொருள். மரியாதைக்காக முதற்சுற்றிலேயே நன்றி கூறிய விருந்தாளிக்குக் குடுக்கை மறுபடி வருவதில்லை. சடங்குகளில் பிரேஸிலியனுக்கு நாட்டமில்லையென்று எழுதிய புவார்க்கி டி ஹொலாண்டா இந்தக் குடுக்கையை மறந்துவிட்டார் போலும்.

இறுதியாக, வீட்டுக்கும் வீதிக்கும் நடுவிலுள்ள வாயிற்படியைப் பார்ப்போம். மானிட சாஸ்திர நிபுணர் ரொபெர்த்தோ டாமாட்டா, 'யாரிடம் பேசுகிறாய் தெரியுமா?' என்ற கேள்வியை 1979-இல் வெளிவந்த நூலொன்றில் நுணுகி ஆராய்ந்தார். வரிசையிலோ, போலீஸ்காரரிடமோ, சமத்துவம் தனக்கு அசௌகரியமாகும் கணத்தில் ஒருவன் வெளியே எடுக்கும் ஆயுதம் அது. எல்லாருக்கும் தெரிந்த, எவரும் தாம் சொன்னதாக ஒப்புக்கொள்ளாத வாக்கியம். அந்த வாக்கியத்தைக் கட்டடமாக எழுப்பிப் பார்க்க விரும்புவோர் நகரத்துக் குடியிருப்பு மாளிகைகளில் இரண்டு லிஃப்டுகள் இருப்பதைக் காணலாம்: ஒன்று குடியிருப்போருக்கு, மற்றொன்று பணியாட்களுக்கும் மூட்டைகளுக்கும் நாய்களுக்கும் நீராடிவிட்டு ஈரத்தோடு வருவோருக்கும். நிறத்தையும் உடையையும் பார்த்து எத்தனையோ பேரை இரண்டாவது லிஃப்டுக்குத் திருப்பி அனுப்பியதன் விளைவாக, ஸாவோ பாலோ நகரசபை 1996-இல் ஒரு சட்டம் இயற்றி, இன, நிற, அந்தஸ்து வேற்றுமை பாராட்டி லிஃப்டில் ஏறவிடாமல் தடுப்பது குற்றமென்ற அறிவிப்பை ஒவ்வொரு கட்டடத்திலும் ஒட்டச் செய்தது. அதற்கு முன்பே, அமெரிக்கக் கறுப்பின நாட்டியக் கலைஞர் காதரின் டன்ஹாமுக்கு ஸாவோ பாலோ ஓட்டலொன்று இடமளிக்க மறுத்ததைத் தொடர்ந்து, 1951-இல் நிற வேற்றுமைக்கெதிரான முதல் தேசியச் சட்டம் பிறந்தது. செல்வர் வீட்டுக் குழந்தையைப் பூங்காவுக்கு அழைத்துவரும் ஆயாக்கள் இன்றும் வெள்ளைச் சீருடையில் வருகிறார்கள். குடும்பத்தார் ஆயாவைத் தங்களில் ஒருத்தியென்று மனமார அன்போடு சொல்வார்கள். வேலை நேரத்துக்கு வரம்பும் மிகைநேர ஊதியமும் அவளுக்கு அரசியலமைப்புத் திருத்தத்தின் மூலம் கிடைத்தது 2013-ஆம் ஆண்டில்தான்.

உடைக்கும் பதவிக்கும் உள்ள இந்தச் சம்பந்தத்தைக் காட்டும் இரண்டு சம்பவங்கள் 2007-ஆம் ஆண்டில் நடந்தன. அவ்வருஷம் மார்ச்சு மாதத்தில், பிரேஸிலியாவிலுள்ள உச்ச நீதிமன்றத்தின் அமர்வுக்கு நீதிபதி கார்மன் லூஸியா கால்சட்டையணிந்து வந்தார். பெண் நீதிபதியொருவர் பாவாடையன்றி அங்கே அமர்ந்தது அதுவே முதல் தடவை, பத்திரிகைகள் அதை விசேஷச் செய்தியாக வெளியிட்டன. சில மாதங்களுக்குப் பிறகு, பரானா மாநிலத்துக் காஸ்கவெல் நகரின் தொழில் நீதிமன்றத்துக்கு, தமக்குச் சேரவேண்டிய கூலிக்காக வழக்காட வந்த ஒரு கிராமத் தொழிலாளி ரப்பர்ச் செருப்போடு வந்தார். அப்பாதரட்சை நீதித்துறையின் கண்ணியத்துக்கு ஒவ்வாதென்று கூறி நீதிபதி விசாரணையை நடத்தாமல் ஒத்திவைத்தார். அத்தொழிலாளி பின்னர் இதற்காகவே தனி வழக்குத் தொடுத்தார். அவருக்கு அரசாங்கம் இழப்பீடு கொடுக்கவேண்டுமென்று தீர்ப்பாயிற்று.